மாறாத முகமும் மாறாத வினையும்

தோன்றுதல், அழிதல், நிலைபெறுதல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்ததே உள்பொருள் என்பது நம் ஆன்றோர் கண்ட துணிபு. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இதனை நிலைநாட்டினார். குழந்தை இளைஞனாகிறது, இளைஞன் முதியவனாகிறான். உடலும் முகமும் குரலும் மாறுகின்றன. ஆயினும் உள்ளிருந்து அறியும் உயிர் ஒன்றே. செய்தவன் எவனோ அவனே பயனையும் நுகர்கிறான் என்னும் வினைக்கொள்கை முழுவதும் இந்த ஒருமையின் மேலேயே நிற்கிறது.

இதே வினா இன்று, சற்றும் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து நம் முன் வந்து நிற்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு திரைக்காட்சிகளை ஆக்குவோர், "முதற் காட்சியில் தோன்றிய பாத்திரம் பத்தாம் காட்சியிலும் அவராகவே தோன்றச் செய்வது எங்ஙனம்?" என்று கேட்கின்றனர். இது தொழில்நுட்பம் அறிந்தோர் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிக்கல் என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. எரியோடு போன்ற சிற்றூரில் கைபேசி வைத்திருக்கும் பள்ளிப் பிள்ளையும் இன்று ஒரு காட்சியை ஆக்கவும், பார்க்கவும், பலருக்கு அனுப்பவும் வல்லவனாய் இருக்கிறான். ஆதலின் இவ்வினா ஒவ்வோர் இல்லத்துக்கும் உரிய அறவினாவாகிவிட்டது.

கருவி செய்யும் முறை

முதலில் இச்சிக்கலின் இயல்பை அறிந்துகொள்வோம். திரைப்படம் எடுப்போர் இதனை நெடுங்காலமாக அறிவர். கதாநாயகன் வாசலில் நுழைவதை ஒருநாளும், அவன் கூடத்துக்குள் வருவதைப் பத்து நாள் கழித்தும் படம் பிடிப்பார்கள். முன்னாளில் இடக்கையில் இருந்த கடிகாரம் பின்னாளில் வலக்கைக்கு மாறிவிடலாகாது. இதற்கெனவே உதவி இயக்குநர் ஒருவர் உடை, நெற்றிப்பொட்டு, கையிலுள்ள பொருள் யாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக் காப்பார். 'கன்டினியூட்டி' என்று படப்பிடிப்புத் தளத்தில் வழங்குவது இதுவே. குறிப்பேடு தவறினால் கடிகாரம் மாறும்; ஆனால் நடிகர் மாறமாட்டார். அவர் ஓர் ஆள். அவருக்கு உடலும் உயிரும் உண்டு.

புதிய கருவிக்கு அத்தகைய ஆள் ஒருவர் இல்லை. அது எண்ணற்ற படங்களைக் கண்டு பழகியது. நாம் சொற்களால் ஒரு காட்சியைக் கேட்டால், பொருளற்ற புள்ளிச் சிதறலிலிருந்து தொடங்கி, படிப்படியாகத் தெளிவித்து, கேட்டதற்கு ஒத்த உருவத்தை அமைத்துத் தருகிறது. அடுத்த காட்சியைக் கேட்டால் மீண்டும் சிதறலிலிருந்தே தொடங்குகிறது. ஆகவே "நீலச்சேலை உடுத்த மூதாட்டி" என்று இருமுறை கேட்டால் இரண்டு மூதாட்டியர் வருவர். ஒரு முறைக்குக் கிடைக்கும் காட்சியும் மிகச் சிறிது. 2025 மே மாதம் கூகுள் நிறுவனம் வெளியிட்ட வியோ 3 ஒரு முறைக்கு 8 வினாடிக் காட்சியைத் தந்தது. 10 நிமிடப் படத்துக்கு அவ்வாறான துண்டுகள் எழுபத்தைந்து வேண்டும். அத்தனையிலும் அம்மூதாட்டி ஒருவராகவே இருத்தல் வேண்டும்.

இதற்குப் பல வழிகள் கண்டிருக்கின்றனர். பாத்திரத்தின் முகத்தை முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் முதலிலேயே படமாக ஆக்கி, ஒவ்வொரு முறையும் அதனை மாதிரியாகக் காட்டுவது ஒரு வழி. வருணனையை ஒரு சொல்லும் மாற்றாமல் திரும்பத் திரும்பக் கொடுப்பது மற்றொன்று. ஒரு துண்டின் இறுதிப் படத்தையே அடுத்த துண்டின் முதற்படமாக வைப்பது இன்னொன்று. 2025 மார்ச் இறுதியில் ரன்வே நிறுவனம் ஜென்-4 என்னும் கருவியை வெளியிட்டபோது, ஒரே ஒரு மாதிரிப் படத்தைக்கொண்டு அம்முகத்தைப் பல இடங்களிலும் பல ஒளியிலும் காத்துத் தருவதையே அதன் தலைமைச் சிறப்பாகக் கூறியது. அதே 2025-ஆம் ஆண்டில் 'லவ் யூ' என்னும் கன்னடப் படம் ஏறத்தாழ 95 நிமிட அளவில் இத்தகைய கருவிகளாலேயே ஆக்கப்பட்டு வெளிவந்தது. நடிகர் இன்றிச் சிலராகவே ஒரு முழுப்படம் ஆக்கும் காலம் நம் அண்டை மாநிலத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு அது சான்று.

பொன் எங்கே?

இனி மெய்ப்பொருள் நோக்கில் இதனை ஆராய்வோம். சமந்தபத்திர ஆசாரியர் ஆப்தமீமாம்சையில் ஓர் உவமை தருகிறார். பொற்குடம் ஒன்றை உருக்கி முடியாகச் செய்தனர். குடத்தை விரும்பியவன் வருந்தினான். முடியை விரும்பியவன் மகிழ்ந்தான். பொன்னையே நோக்கியவன் இரண்டும் இன்றி நடுவுநிலையில் நின்றான். குடம் அழிந்தது, முடி தோன்றியது, பொன் நிலைத்தது. பழைய முறையில் எடுத்த படத்தில் காட்சிதோறும் உடை மாறலாம், வயது மாறலாம். நடிகர் என்னும் பொன் நிலைத்திருந்தது.

எரியோடு, வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளை அறிந்தோர்க்கு வேறோர் உவமையும் கூறலாம். ஒரு லாட் நூல் முழுதும் ஒரே தன்மையாய் வருவது, ஒரே பஞ்சுக் கலவை முதலிலிருந்து கடைசி வரை ஓடுவதனால் ஆகும். வேறு வேறு லாட்டு நூல்களைக் கலந்து நெய்துவிட்டால், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றிய நூல் சாயம் ஏற்றியதும் பட்டை பட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே ஓடும் பொருளின் ஒருமை வேறு. புறத்தோற்றத்தின் ஒப்புமை வேறு.

கருவி தந்த காட்சிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்பொருளும் செல்வதில்லை. முதல் துண்டில் அழுத மூதாட்டி அத்துண்டோடு முடிந்துவிட்டாள். அடுத்த துண்டில் சிரிப்பவள் அவளை ஒத்த வேறொருத்தி. எல்லாம் கணந்தோறும் அழிந்து, முன்னதை ஒத்த பின்னது தோன்றுகிறது என்று கூறிய கணபங்கக் கொள்கைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. உலகப் பொருள்கள் அத்தகையன அல்ல என்று நம் தருக்கநூலோர் மறுத்தனர். நீலகேசி புத்த சமயத்தாரோடு நிகழ்த்தும் வாதங்களிலும் இம்மறுப்பு இடம்பெறுகிறது. எல்லாம் கணந்தோறும் அழியுமெனின், வினை செய்தவன் ஒருவன், பயன் நுகர்பவன் வேறொருவன் என்றாகும். அறமும் மறமும் பொருளற்றுப் போகும் என்பதே அம்மறுப்பின் சாரம்.

உயிருக்குப் பொருந்தாத அக்கொள்கை இக்கருவியின் படத்துக்குப் பொருந்துகிறது. அவ்வாறாயின், திரையில் நாம் காணும் ஒருமை எங்கிருந்து வருகிறது? ஆக்குபவனின் கருத்திலிருந்து வருகிறது. "இவளே அவள்" என்று அவன் கருதுகிறான், அதற்கேற்ற மாதிரியைக் கொடுக்கிறான், ஒவ்வாததைத் தள்ளுகிறான், ஒத்ததைக் கொள்கிறான். எழுபத்தைந்து துண்டுகளையும் கோக்கும் நூல் அவன் உள்ளமே ஆகும். அங்ஙனமாயின் அக்காட்சியால் விளையும் நன்மை தீமைகளுக்கும் அவனே உரியவன். படத்துக்கு உயிர் இல்லாமையால் வினை அதனைச் சேராது. ஒருமையைக் கொடுத்தவனையே சேரும்.

"கருவி செய்தது; நான் என்ன செய்தேன்?" என்று கூறுவோர் உளர். நம் நூல்கள் இவ்விடையை முன்பே அடைத்துவிட்டன. வினை மூவகையால் நிகழும்: தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல். மனம், மொழி, மெய் மூன்றோடும் இவற்றை உறழ்ந்து எண்ணுவது நம் மரபு. கருவியைக்கொண்டு ஆக்குவது செய்வித்தல் ஆகும். அதனைக் கண்டு மகிழ்ந்து, மெய்யோ பொய்யோ என்று நோக்காமல் நூறு பேருக்கு அனுப்புவது உடன்படுதல் ஆகும். ஆக்கியவன் ஒருவனே பொறுப்பாளி, பார்த்த நாம் தூயவர் என்று எண்ணுவதற்கு இங்கு இடமில்லை.

கொடாத முகம்

எண்வினைகளுள் நாம கருமத்துக்கு ஓவியனை உவமையாகக் கூறுவர். பலவகை உருவங்களை ஓவியன் தீட்டுவது போல, உயிர் முன்செய்த வினைக்கேற்ப உடலையும் உறுப்பையும் அது அமைக்கிறது. ஒருவரின் முகம் அவர்தம் வினையால் அவர்க்கு வாய்த்தது. அம்முகத்தை வேறோர் ஓவியன் எடுத்து, அவர் செய்யாத செயலை அவர் செய்ததாகத் தீட்டினால், பிறர் கணக்கில் பொய்வரவு எழுதிய குற்றம் அவனைச் சாரும். இதில் இரு விரதங்கள் இடர்ப்படுகின்றன. செய்யாததைச் செய்ததாகக் காட்டுவதால் வாய்மை பிழைக்கிறது. கொடாததைக் கொள்வதால் கள்ளாமையும் பிழைக்கிறது.

அண்மைக்காலத் தமிழ்த் திரையுலகில் இதற்குப் பல எடுத்துக்காட்டுகள் உள. 2024 பிப்ரவரியில் வெளிவந்த 'லால் சலாம்' படத்தின் ஒரு பாடலில், 1998-இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022-இல் மறைந்த பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரகுமான் இம்முறையால் மீட்டு அமைத்தார். இரு குடும்பத்தாரின் இசைவையும் பெற்று, ஊதியமும் அளித்ததாக அவரே வெளிப்படையாக அறிவித்தார். 2024 செப்டம்பரில் வந்த 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' படத்தில், முந்தைய டிசம்பரில் மறைந்த விஜயகாந்தின் உருவம் குடும்பத்தாரின் இசைவோடு தோன்றியது. மறுபுறம், 2023-இல் வெளிவந்த 'கீடா கோலா' என்னும் தெலுங்குப் படத்தில் தம் தந்தை எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் இசைவின்றிப் பயன்படுத்தப்பட்டதாக எஸ்.பி. சரண் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார்.

குடும்பத்தார் இசைந்தால் எல்லாம் தகுமா என்பது அடுத்த வினா. மறைந்தவரின் உயிர் தன் வினைவழியே வேறு பிறவி புக்கது. அதனிடம் இசைவு கேட்க இயலாது. ஆகவே குடும்பத்தாரிடம் இருக்கும் முகத்தை அடைக்கலப் பொருள் எனக் கொள்வதே பொருத்தம். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்புவித்த வரலாற்றை நாம் அறிவோம். அடைக்கலம் பெற்றவர் அதனைக் காக்கலாம். தம் விருப்பப்படி வழங்கிவிடலாகாது. பாடகராய் வாழ்ந்தவரின் குரல் மீண்டும் ஒரு பாடலைப் பாடுவதற்கு இசைவது அடைக்கலத்தின் எல்லைக்குள் அடங்கும் என்று கூறலாம். மறைந்த அரசியல் தலைவர், தாம் காணாத தேர்தலைப் பற்றித் தாம் கூறாத கருத்தை மேடைத் திரையில் கூறுவதையும் 2024-இல் தமிழகம் கண்டது. அஃது எல்லையைக் கடந்தது என்பதே நம் துணிபு. குரலும் முகமும் ஒத்திருந்தன; கருத்துக்கு உரியவர் அங்கு இல்லை.

மாற்றப்பட்ட முடிவு

இவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஆனந்த் எல். ராய் இயக்க, தனுஷ் நடித்த 'ராஞ்சனா' என்னும் இந்திப்படம் 2013-இல் வெளிவந்து, தமிழில் 'அம்பிகாபதி' என்ற பெயரில் வந்தது. அதன் நாயகன் தன் செயலால் மற்றொருவனின் இறப்புக்குக் காரணமாகிறான். அப்பழியைச் சுமந்து திரிந்து, இறுதியில் நேரவிருக்கும் ஆபத்தை அறிந்தே அதனுள் புகுந்து மடிகிறான். 2025 ஆகஸ்டு 1 அன்று, உரிமை பெற்ற ஈராஸ் நிறுவனம் செயற்கை நுண்ணறிவால் முடிவை மாற்றி அத்தமிழ்ப் படத்தை மீண்டும் திரையிட்டது. புதிய முடிவில் நாயகன் மருத்துவமனைப் படுக்கையில் கண் விழித்து எழுகிறான். இயக்குநர் தம்மைக் கேளாமல் செய்ததைக் கண்டித்தார். தாம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒப்புக்கொண்ட படம் இதுவன்று என்று தனுஷும் அறிக்கை விடுத்தார். சட்டப்படி தனக்கு உரிமை உண்டு என்பது நிறுவனத்தின் விடை.

கண்விழித்தவன் முகம் முன்னைய முகமே. உடல் முன்னைய உடலே. காட்சியொருமை பேணும் கலையில் இதனை வெற்றி என்றே எழுதிக்கொள்ளலாம். ஆனால் கதையில் அவன் செய்த வினையும், அதன் பயனாய் அவன் ஏற்றுக்கொண்ட முடிவும் இடையில் அறுந்துவிட்டன. செய்தவன் ஒருவன், எழுந்தவன் வேறொருவன். முகம் தொடர்ந்தது, வினைத்தொடர்ச்சி முறிந்தது. மாந்தர் ஒருமை முகத்தால் அமைவதன்று, செயலாலும் அதன் பயனாலும் அமைவது என்று நாம் கற்பதை இந்நிகழ்ச்சி நன்கு விளக்குகிறது.

"கதைதானே, இன்பமாக முடிந்தால் என்ன?" என்று கேட்கலாம். இன்ப முடிவில் குற்றம் ஏதுமில்லை. ஆசிரியரே அங்ஙனம் எழுதி, நடிகரும் அதற்கு உடன்பட்டு நடித்திருந்தால் அது மற்றொரு கதை. கதை சொன்னவன் நினையாததை அவன் பெயரிலும், நடித்தவன் நடியாததை அவன் முகத்திலும் ஏற்றியதே இங்குள்ள குறை. ஆவணத்தால் பெற்ற உரிமை சட்டத்துக்குப் போதுமா என்பதை மன்றங்கள் ஆராயட்டும். கொடாததைக் கொள்ளாமை என்னும் விரதம் ஆவணத்தோடு நின்றுவிடுவதன்று.

உருவம் எல்லாம் பொய்யா?

இவ்வளவும் கூறியதனால் ஆக்கப்பட்ட உருவம் யாவும் பொய் என்று முடிவு கட்டுதல் தகாது. நாம் நாள்தோறும் வணங்கும் திருவுருவமும் ஆக்கப்பட்டதே. ஒரு பொருளை நாமம், ஸ்தாபனை, திரவியம், பாவம் என நான்கு வகையில் கொள்ளலாம் என்று நம் நூல்கள் வகுத்தன. கல்லில் வடித்த பகவானை ஸ்தாபனையாகக் கொண்டு வணங்குகிறோம். அக்கல் கேவல ஞானம் எய்திற்று என்று யாரும் மயங்குவதில்லை. ஸ்தாபனையை ஸ்தாபனை என்று அறிந்து கொள்ளும்வரை அதில் பொய் இல்லை. அதனைப் பாவமாக, அஃதாவது உண்மை நிகழ்ச்சியாக, பிறர் மயங்கும்படி விடும்போதுதான் பொய் பிறக்கிறது.

இதற்கு நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே ஒரு கற்சான்று உண்டு. பழனிக்கு மேற்கேயுள்ள ஐவர்மலையில் பாறைமேல் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக வடிக்கப்பட்டுள்ளன. அங்குள்ள கல்வெட்டு சக ஆண்டு 792, அஃதாவது கி.பி. 870, வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், பார்சுவ படாரரின் உருவத்தையும் இயக்கியர் உருவத்தையும் புதுக்கி, வழிபாட்டுக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்ததை அது தெரிவிக்கிறது. பழைய உருவத்தைப் புதுக்கியவர், அதனைத் தொன்றுதொட்டு அவ்வாறே இருந்தது போலக் காட்டிச் செல்லவில்லை. இன்னார் மாணாக்கர் இன்னார், இன்ன ஆண்டில், இதனைப் புதுக்கினார் என்று பாறையிலேயே எழுதினர். ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டு கழித்தும் எது பழமை, எது புதுக்கம், யார் பொறுப்பு என்பதை நாம் படித்தறிகிறோம்.

கருவியால் ஆக்கும் காட்சிக்கும் இதுவே நெறி. செயற்கையாக ஆக்கப்பட்ட காட்சிகளுக்கு அடையாளம் இட வேண்டும் என்று மத்திய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, 2026 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சட்டம் இன்று கேட்பதை ஐவர்மலைக் குரவர் கேளாமலே செய்தார்.

நாம் செய்யத்தக்கது

இக்கருவியால் அறத்துக்கு ஒரு நன்மையும் உண்டு. போர்க்களக் காட்சிக்காகக் குதிரையை வீழ்த்தவும், யானையைக் கட்டி இழுத்துவரவும் வேண்டுவதில்லை. கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நாம் இதனை மகிழ்ந்து ஏற்கலாம். நம் இளைஞர்கள் சீவகன் வரலாற்றையும் கவுந்தியடிகளின் வழிநடையையும் சிறுவர்க்குக் காட்சியாக்க முன்வருவாராயின் தடுக்கவும் வேண்டா. தடுப்பதினும் முறை காட்டுதல் நன்று.

கவுந்தியடிகளையே எடுத்துக்கொள்வோம். பிச்சைப் பாத்திரமும் மயிற்பீலியும் ஏந்தி, வழியிலுள்ள சிற்றுயிர்க்கு ஊறு நேராவண்ணம் அவர் மதுரை நோக்கி நடந்தார். கருவி ஒரு துண்டில் கையில் பீலியைக் காட்டி, அடுத்த துண்டில் அதனை மறக்கக்கூடும். முகம் ஒத்திருக்கிறதே என்று அதனை ஏற்றுக்கொள்பவன், பாத்திரத்தை இழந்துவிட்டான். பீலி அவர்க்கு அணி அன்று; அஃது அவருடைய விரதம். ஆகவே காட்சி ஆக்கப் புகுமுன் பாத்திரத்தின் முகத்தை வருணிப்பதற்கு முன்பே அவருடைய குணத்தையும் விரதத்தையும் குறிப்பேட்டில் எழுதுக. அவர் எதனை ஒருபோதும் செய்யார் என்பதையும் எழுதுக. ஒவ்வொரு துண்டையும் முதலில் அக்குறிப்போடு ஒப்பிட்டு, பின்னரே முகத்தை ஒப்பிடுக.

நூலில் இல்லாத மொழியைத் தீர்த்தங்கரர் வாயில் வைக்கலாகாது. வாழ்வோர் முகத்தை அவர் இசைவின்றியும், மறைந்தோர் முகத்தை அவர் வாழ்ந்த நெறிக்கு மாறாகவும் கொள்ளலாகாது. இது கருவியால் ஆக்கியது, ஆக்கியவர் இன்னார் என்று காட்சியின் மேலேயே எழுதுதல் வேண்டும். இல்லத்தில் ஒரு காட்சி வந்தால், அனுப்புமுன் பெரியோர் பிள்ளைகளோடு அமர்ந்து, "இவர் இதனைச் செய்தாரா, செய்ததாகக் காட்டப்பட்டாரா?" என்று கேட்டுப் பழக்குதல் வேண்டும். அவ்வொரு வினா பிள்ளையின் நாவில் நிலைத்துவிட்டால், வாய்மை விரதத்தின் பாதி அவனுக்குக் கைவந்துவிடும்.

முகத்தை மாறாமல் காக்கும் வல்லமையைக் கருவி ஆண்டுதோறும் வளர்த்துக்கொண்டே செல்லும். செய்கைக்கும் பயனுக்கும் உள்ள தொடர்பைக் காப்பது அதனால் ஆகாது. அது நம்மிடமே விடப்பட்டிருக்கிறது. அதனை நழுவவிடாமல் காப்போமாக.